நொண்டிக்கு இடது விங்

சிரில் ஆக்டனைப் பார்த்து எனக்குப் பொறாமை என்று கிராக்லியில் பேசிக்கொள்கிறார்கள். சரியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். வயிறு எரிகிறது, இல்லையென்று யார் சொன்னது? முழுக் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், எரியுமா எரியாதா என்று.

கிராக்லி டவுன் கிளப்பில் நான், எட்கர் லம், இடது விங். இடது ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, தடுக்க வருகிறவனை ஏமாற்றி, நடுவில் நிற்கிறவன் தலைக்குப் பந்தைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அவன் தலையால் முட்டிக் கோல் போடுவான். கூட்டம் அவனுக்குத் தொப்பியை வீசும். நான் சேற்றிலிருந்து எழுந்து பல்லைத் துழாவிப் பார்த்துக்கொள்வேன். சிரில் இடது பேக். எங்கள் கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறித்து, பந்தைக் கண்காணாத இடத்துக்கு உதைப்பான். எங்கே போகிறது என்று அவனும் பார்த்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. நல்லவன். பீர் வாங்கிக் கொடுப்பான். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொள்வான். அப்படிப்பட்டவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. இங்கிலாந்துக்காக ஒரு தடவை ஆட வேண்டும், நாட்டுக்காக ஆடியவனுக்குக் கொடுக்கும் அந்தத் தொப்பியை வாங்க வேண்டும். நீல வெல்வெட்டு, வெள்ளிக் குஞ்சலம். அதை யாரும் தலையில் போட்டுக்கொள்வதில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவனிடமெல்லாம் “அட, அதுவா? அது ஒரு தொப்பி” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதைக்கூட ஆசைப்படக் கூடாதா ஒரு மனுஷன்?

போர் முடிந்து நான் திரும்பி வந்தபோதே எனக்கு வயசு ஏறிவிட்டது. இருந்தாலும் அந்த நவம்பரில் எங்கள் சேர்மன் பிக்கர்ஸ்கில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாட்டுக்குடல் வேகவைத்து விற்று மாளிகை கட்டியவர். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பதுதான்.

“லம், உன் நேரம் நல்ல நேரம்ப்பா. நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக் குழு சனிக்கிழமை வருது. குழுத் தலைவர் சர் ஆப்ரி வென் அவரே வர்றார். இடது விங்குக்கு ஆள் வேணுமாம். உன்னைத்தான் பாக்க வர்றாங்க. முகத்தைக் கழுவிட்டு வா.”

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி ஹில்டா சேர்த்து வைத்திருந்த சர்க்கரை ரேஷனையெல்லாம் கொட்டிக் கேக் செய்தாள். மாமியார் வீட்டு ஜனமெல்லாம் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தது.

இங்கே எங்கள் ஆட்டத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஒருவனுக்கு அடிபட்டால் மாற்று ஆள் கிடையாது. கால் போனாலும் கை போனாலும் பதினோரு பேர்தான். அடிபட்டவனுக்கு முதலில் எங்கள் ட்ரெய்னர் ஏனாக் வாளியும் பஞ்சுமாக ஓடி வருவார். எங்கே வலி என்று கேட்பார். எங்கே என்று சொன்னாலும் பிடரியில்தான் பச்சைத் தண்ணீரைப் பிழிவார். அதிலும் எழுந்து ஓடாதவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், இடது விங்குக்கு அனுப்புவார்கள். அங்கே நின்றால் யாருக்கும் தொந்தரவு இல்லையாம். இடது விங்கில் ஏற்கெனவே இருக்கிறவன், அதாவது நான், அடிபட்டவன் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். நொண்டிக்கு இடது விங். யார் எழுதிவைத்தது என்று தெரியாது. எங்கள் ஊர் பாதிரியார்கூட வேதத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறார், இதைப் பற்றிச் சந்தேகப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சிரிலின் முழங்காலில் ஒருவன் பூட்ஸோடு ஏறினான். ஏனாக் வந்தார், பிடரியில் பிழிந்தார். சிரில் எழுந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு நின்றான்.

“இடது விங்குக்குப் போ சிரில்! எட்கர், நீ பின்னாடி போய் பேக்ல நில்லு!” என்று கேப்டன் கத்தினான்.

“டேய், இன்னிக்கு மட்டும் வேணாம்டா! என்னைப் பாக்க வந்திருக்காங்கடா!”

“வழக்கம்னா வழக்கம்தான். போடா!”

போனேன். தேர்வுக் குழுவோ இன்னும் மேலே கிளப் இயக்குநர்கள் அறையில் ஆட்டிறைச்சிப் பணியாரமும் விஸ்கியுமாக உட்கார்ந்திருந்தது. இடைவேளைக்குப் பிறகுதான் மீசையில் பணியாரத் துணுக்குகளோடு வந்து உட்கார்ந்தார்கள். மழை பெய்து நாங்கள் எல்லோரும் ஒரே சேற்று நிறம். சட்டை நம்பரும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது. இடது விங்கில் ஒருத்தன் தத்தித் தத்தி நிற்பது மட்டும் தெரிந்தது. நொண்டியை யார் காவல் காப்பான்? எதிராளிகள் அவனை விட்டுவிட்டார்கள். அப்போது வழி தவறி வந்த பந்து ஒன்று சிரிலின் இழுத்த காலில் பட்டது. எந்தக் காலால் உதைக்கப் போகிறான் என்று கோல்கீப்பருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் சிரிலுக்கே தெரியாது. கீப்பர் அந்தப் பக்கம் விழுந்தான், பந்து இந்தப் பக்கம் போனது. காக்கா உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.

“யாருப்பா அந்த இடது விங்?” என்று சர் ஆப்ரி கேட்டாராம்.

“ஆக்டன்” என்றாராம் எங்கள் சேர்மன்.

ஒரு வாரத்தில் வானொலியில் அறிவித்துவிட்டார்கள். இங்கிலாந்துக்கு இடது விங், கிராக்லியின் சிரில் ஆக்டன். ஹில்டா வானொலியை அணைத்தாள். மிச்சமிருந்த கேக்கைக் கோழிக்குப் போட்டாள்.

சிரில் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டான், காலை இழுத்துக்கொண்டு.

“எட்கர், என்னடா இது? நான் பேக்குடா! முன்னாடி போய் என்ன பண்ணணும்னே எனக்குத் தெரியாதே! பந்து வந்தா என்ன செய்யறது?”

“ஓரமா ஓடணும்.”

“எங்கடா ஓடறது, நடக்கவே முடியலையே!”

“அப்ப நில்லு. நின்னுதானே இந்த இடத்தை வாங்கின.”

அவனுக்குக் குத்தல் புரியவில்லை. புரிந்திருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும். “ரொம்ப நன்றிடா” என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

லண்டனில் அவன் பெல்ஜியத்துக்கு எதிராக ஆடினான். பெல்ஜியம்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், நொண்டுகிறவன் காலில் கை வைக்கவில்லை. ஒருவன் அவனுக்கு வழிகூட விட்டானாம். இங்கிலாந்து ஜெயித்தது. மறுநாள் பத்திரிகைகளில் பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள்: ஆக்டனின் தயங்கு நடையில் ஒரு தத்துவம் இருக்கிறது, அவசரம் பிடித்த இந்தக் காலத்துக்கு அது ஒரு பதில். தத்துவமாம்! முழங்காலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது ஐயா, அதுதான் தத்துவம்.

அப்புறம் கேளுங்கள். இயக்குநர்கள் கூடி மூன்று முடிவு எடுத்தார்கள். ஆக்டன் இனி நிரந்தரமாக இடது விங், லம் நிரந்தரமாக இடது பேக். ஆக்டனின் காலை ஏனாக் தொடக் கூடாது, குணமாகிவிட்டால் நாட்டுக்கு நஷ்டம். ரிசர்வ் அணிப் பையன்கள் செவ்வாய்க்கிழமை தோறும் நொண்டிப் பழக வேண்டும். ஏனாக்கே பயிற்சி கொடுத்தார். “இடுப்பை இறக்குடா! வலிக்குற மாதிரி இல்ல, வலிய மறைக்கிற மாதிரி!” என்று அவர் கத்துவது ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும். நன்றாக நொண்டியவனுக்கு முதல் அணியில் இடம் கிடைத்தது. அந்த மாதம் நாங்கள் வரிசையாகத் தோற்றோம். சேர்மன் அசரவில்லை. “தோக்கறது முக்கியமில்ல, பாணி முக்கியம்” என்றார்.

அதோடு விட்டார்களா? நாங்கள் குடியிருக்கும், கிளப்புக்குச் சொந்தமான வீடுகளில் நல்ல வீடு ஒன்று உண்டு. கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதை எனக்குத் தருவதாகச் சொல்லிச் சொல்லியே என்னை வேறு கிளப்புக்குப் போகவிடாமல் வைத்திருந்தார்கள். போகிறேன் என்றாலும் போக முடியாது, கிளப் விட்டால்தான் உண்டு. அந்த வீட்டைச் சிரிலுக்குக் கொடுத்தார்கள், நொண்டிக்காலோடு மழையில் கொல்லைக்குப் போகக் கூடாதென்று. அடுத்த தடவை மழை பெய்தபோது ஹில்டா குடையை விரித்துக்கொண்டு, கதவருகில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். பத்து நாள் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

சேர்மனிடம் போய் நேராகவே கேட்டேன். “சார், நான் விங்கு. அன்னிக்கு அவங்க பாக்க வந்தது என்னை. சிரில் பேக்கு. அவனைக் கேளுங்க, அவனே சொல்லுவான்.”

“லம், உக்காரு. வேணாம், நில்லு, சேறா இருக்கே. உனக்கு ஒண்ணு சொல்றேன். நான் இந்த ஊருக்கு மேயரா இருந்தவன். எனக்கு நிர்வாகம் தெரியும். ஒரு தப்பு கீழ நடந்தா அதைத் திருத்தலாம். மேல நடந்தா அது கொள்கை. கொள்கையைத் திருத்தினா கீழ இருக்கறவன் நம்மள மதிப்பானா? உன் நன்மைக்குத்தான் சொல்றேன். போய் பேக்ல நில்லு.”

போய் பேக்கில் நின்றேன்.

வசந்தம் வந்ததும் சிரில் என்னை காஸ் கம்பெனிச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனான். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குதித்தான், கன்றுக்குட்டி மாதிரி.

“டேய், சரியாயிடுச்சுடா! பாரு! வலியே இல்ல! இனிமே என்னை பேக்குக்கே விட்டுருவாங்க, நீ விங்குக்கு வந்துரு!”

ஓடினோம் சேர்மனிடம். சிரில் அவர் அறையிலேயே ஒரு குதி குதித்துக் காட்டினான். சேர்மன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“யாராவது பாத்தாங்களா?”

“லம் மட்டும் பாத்தான் சார்.”

“ஆக்டன், நீ என்ன காரியம் பண்ணியிருக்க தெரியுமா? அடுத்த வாரம் குழு மறுபடியும் வருது. உன் ரெண்டாவது தொப்பிக்கு. நாடே உன் காலை நம்பியிருக்கு, நீ இப்படிப் பொறுப்பில்லாம குணமாயிட்டு வந்து நிக்கற! போ. சனிக்கிழமை நீ நொண்டற.”

“பொய்யாவா சார்?”

“பாணியா.”

சிரில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தான். நல்ல காலோடு நொண்டிக்கொண்டு. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அடிபட்டவனுக்கு இடது விங் என்றால், எனக்கும் அடிபடட்டுமே? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். எனக்குச் சறுக்கவே வேண்டாம், சாக்கு போதும். நமக்கு என்ன நொண்டத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை தோறும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

சனிக்கிழமையும் மழை, அதே சேறு. ஆட்டம் தொடங்கிச் சூடு பிடிப்பதற்குள் ஒருவன் என் பக்கமாக வந்தான். அவன் என்னைத் தொடவே இல்லை, நான் விழுந்தேன். ஏனாக் வந்து பிடரியில் பிழிந்தார். எழுந்து நின்று இடுப்பை இறக்கினேன்.

“இடது விங்குக்குப் போ!” என்றான் கேப்டன். உடனே அவனுக்கே குழப்பம் வந்துவிட்டது. “இரு இரு. அங்க ஆக்டன் இருக்கானே. அவனும் நொண்டிதானே? ரெண்டு நொண்டியை எங்க வைக்கறது?”

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டம் நின்றது. எதிராளிகளும் கூடிவந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் ஏனாக்தான் தீர்ப்புச் சொன்னார். “பழைய நொண்டி பழகிட்டான். புது நொண்டிக்குத்தான் முன்னுரிமை. சிரில், நீ பேக்குக்குப் போ.”

சிரில் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீடு திரும்பின பிள்ளை மாதிரி பின்னால் ஓடினான். ஆமாம், ஓடினான். நொண்டுவதையே மறந்துவிட்டான். அன்று அவன் மறித்த மறிப்பை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. ஒருத்தன் தாண்டவில்லை.

நானா? நான் காத்திருந்தேன். இடைவேளை முடிந்தது. குழு மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அப்புறம் ஆரம்பித்தேன். நொண்டிக்கொண்டே இரண்டு பேரைத் தாண்டி ஒரு கோல். அடுத்தது கோடு மாறாமல் ஓரமாகவே போய், மூலையிலிருந்து, கீப்பரின் காதை உரசிக்கொண்டு இன்னொரு கோல். நொண்டிக்கொண்டு ஓடுவது நல்ல காலோடு ஓடுவதைவிட எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கூட்டம் தொப்பிகளை வீசியது. எனக்கு! முதல் தடவையாக எனக்கு! ஹில்டா பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தியது கேட்டது. அழுகை வந்துவிட்டது, மழையில் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆட்டம் முடிந்து குளியல் தொட்டியில் இருந்தோம். சேர்மனோடு சர் ஆப்ரி உள்ளே வந்தார். நான் சட்டென்று எழுந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ச் சிரிலின் ஈரக் கையைப் பிடித்தார்.

“ஆக்டன்! அபாரம்! போன தடவையைவிட மெருகேறியிருக்கு. ரெண்டு கோல்! அடுத்த ஆட்டத்துக்கும் நீதான்.”

“சார், அந்த ரெண்டு கோலும் நான் போட்டது” என்றேன். துண்டுகூடக் கட்டவில்லை.

“ஆமா சார், அவன்தான் போட்டான்” என்றான் சிரில். “நான் பேக்ல இருந்தேன். என் கால் சரியாயிடுச்சு சார். அவன்தான் அசல் விங்கு. அவனை எடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

சர் ஆப்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா பிக்கர்ஸ்கில்? என்ன அடக்கம்! தன் கோலைத் தூக்கி நண்பனுக்குக் கொடுக்கறான்! இதைத்தான் நாங்க தேடறோம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். கண்ணால பாத்து முடிவு எடுக்கறவன் ரசிகன். அவன் காசு கொடுத்து உள்ள வர்றான். குழு அப்படி இல்ல. குழு முடிவை எடுத்துட்டுத்தான் பாக்க வரும். அதனாலதான் நாங்க தப்பே பண்றதில்ல.”

“பின்னாடி பேக்ல நின்னவனாவது கண்ணுல பட்டானா சார்?” என்று கேட்டேன். சிரிலை அங்கேயாவது போடட்டுமே, விங் காலியாகுமே என்று ஒரு நப்பாசை.

“பட்டான். பரவாயில்ல, நல்லாத்தான் ஆடினான். ஆனா ரெண்டு காலும் ஒழுங்கா இருக்கே. அந்த மாதிரி ஆள் நாடு பூரா கிடைக்கிறான்.”

போய்விட்டார்கள். சிரில் தொட்டியில் உட்கார்ந்தபடி “மன்னிச்சுக்கடா எட்கர்” என்றான். நான் துண்டைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

மே மாதம். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று இயக்குநர்கள் முடிவு செய்யும் நாள். என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். கம்பளம் விரித்த படி அது. எங்களுக்கு அதில் ஏற அனுமதியே வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். மேலே சேர்மனும் மற்றவர்களும் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஏனாக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“லம், ரொம்ப நாள் உழைச்சிருக்க. கிளப் மறக்காது” என்றார் சேர்மன். “ஆனா உன் கால் போயிடுச்சு. நொண்டி ஆளை வெச்சுக்கிட்டு கிளப் என்ன பண்ணும், நீயே சொல்லு? இதென்ன தர்ம ஆஸ்பத்திரியா? உன்னை விட்டுடறோம். வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடு.”

“சார், என் காலுக்கு ஒண்ணுமில்ல சார்!”

“ஏனாக், இவன் நொண்டினானா இல்லையா?”

“நொண்டினான் சார். நான்தான் தண்ணி பிழிஞ்சேன்.”

சேர்மன் சுருட்டை எடுத்துக் கீழே வைத்தார். “அப்போ நடிச்சியா லம்? யோசிச்சு சொல்லு. நடுவரை ஏமாத்தி, குழுவை ஏமாத்தி, அடிபட்ட மாதிரி நடிச்சேன்னு நீ சொன்னா, நான் லண்டனுக்குச் சொல்லியாகணும். அப்புறம் உயிரோட இருக்கறவரைக்கும் எந்த மைதானத்துலயும் நீ கால் வைக்க முடியாது. சொல்லு. நடிச்சியா, வலிக்குதா?”

பக்கத்து ஊரில் மூன்றாம் தரக் கிளப் ஒன்று இருந்தது. கால் ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனால் ஒரு வருஷமாவது வைத்துக்கொள்வார்கள். தடை விழுந்தால் அதுவும் இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாமா?

“வலிக்குது சார்” என்றேன்.

“பாவம்” என்றார் சேர்மன். எல்லோரும் பாவம் என்றார்கள்.

வெளியே வந்தேன். கதவு திறந்தே இருந்தது, சேர்மன் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பை இறக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். எதிரே சிரில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்துகொண்டிருந்தான்.

“எட்கர், உனக்காகப் பேசத்தான் வர்றேன்டா! உன்னை விட்டா நானும் போயிடுவேன்னு சொல்லப் போறேன்!”

அவனால் போக முடியாது. கிளப் விடாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிச் சொல்ல வருகிறானே என்று அதற்கும் வயிறு எரிந்தது. மேலே சேர்மன் வாசலுக்கு வந்து நின்றதை அவன் அப்போதுதான் பார்த்தான். பழக்கத்தில் சட்டென்று ஒரு காலை இழுத்துக்கொண்டான். அவன் நொண்டிக்கொண்டு ஏறினான், நான் நொண்டிக்கொண்டு இறங்கினேன். நடுப்படியில் தோளோடு தோள் உரசியது.

“ஆக்டன், பாத்து வாப்பா!” என்று மேலிருந்து சேர்மன் பதறினார். “படி வழுக்கும்! கால் பத்திரம்!”

அதே படியில்தான் நானும் இறங்கிக்கொண்டிருந்தேன்.